விரிசல் வளரும் வேகம்: ஆய்வுகூடங்கள் அதை அளப்பது எப்படி, எங்கே பிசகுகிறது?

"தண்டவாளத்தில் வெடிப்பு, புகையிரதங்கள் தாமதம்" என்ற செய்தி கொழும்பில் தினமும் வேலைக்குப் போய்வருபவர்களுக்குப் புதிதல்ல. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து வண்டிகள் ஓட விடப்படுகின்றன என்று அதே செய்தியில் சில வேளை ஒரு வரியும் இருக்கும். வெடித்த இரும்பின் மேல் எப்படி ஓட விடலாம் என்று வாசிப்பவர் கேட்பது நியாயம்தான்.

விமானச் செய்திகளில் குழப்பம் இன்னும் கூட. 2019 செப்டெம்பரில், போயிங் 737 என்ஜி வகை விமானங்களில் இறக்கையை உடலோடு பிணைக்கும் பாகத்தில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. 30,000 பறப்புகளைக் கடந்தவற்றை 7 நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். 22,600 முதல் 30,000 வரை பறந்தவற்றை அடுத்த 1,000 பறப்புகளுக்குள் பரிசோதித்தால் போதும். விமானம் ஒரே வகை, பாகமும் ஒன்றே. ஒன்றுக்கு ஏழு நாள், மற்றதற்கு ஆயிரம் பறப்பு என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து இப்படிப் பிரிக்க முடியாது. இப்போது எவ்வளவு நீளம் இருக்கக்கூடும், எந்த வேகத்தில் வளரும், எந்த நீளத்தில் முறியும் என்ற மூன்றும் வேண்டும். நடுவில் உள்ள வேகம் ஆய்வுகூடத்தில் இருந்து வருகிறது. அங்கேயும் பெரும்பாலான பரிசோதனைகளில் விரிசலின் நீளத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. வேறொன்றை அளந்து, அதிலிருந்து நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்தால்தான் அறிக்கைகளில் வரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் சில சொற்கள்

1. சுற்று: சுமை ஒரு முறை ஏறி இறங்குவது. தண்டவாளத்துக்கு ஒரு சில்லு கடப்பது. விமான உடலுக்கு ஒரு பறப்பு. துறைமுகப் பாரந்தூக்கிக்கு ஒரு கொள்கலனைத் தூக்கி வைப்பது.

2. களைப்பு விரிசல்: ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமை, திரும்பத் திரும்ப வந்து சிறிது சிறிதாக வளர்க்கும் விரிசல்.

3. தகைப்புச் செறிவு வீச்சு: விரிசல் நுனியில் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு இழுபறி நடக்கிறது என்பதன் அளவு. சுமையோடும் கூடும், விரிசலின் நீளத்தோடும் கூடும். இதன் அலகு மெகாபாஸ்கலை மீற்றரின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. இனிச் சுருக்கமாக 'செறிவு வீச்சு' என்றே எழுதுகிறேன்.

ஒரு சுற்றுக்கு விரிசல் வளரும் அளவையும் செறிவு வீச்சையும் மடக்கைத் தாளில் குறித்தால் நடுப்பகுதி ஒரு நேர்கோடாக விழும். இதை முதலில் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியியலாளர் போல் பாரிஸ். முன்னணிச் சஞ்சிகைகள் ஏற்காததால் அவருடைய 1961ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு பல்கலைக்கழக வெளியீட்டில்தான் வந்தது. 1963இல் எர்டோகன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து எழுதியதற்குப் பிறகே உலகம் கவனித்தது. இன்றைய விமானப் பரிசோதனைக் கால அட்டவணைகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது அந்தப் பாரிஸ் கோடுதான்.

கட்டுமான உருக்குகளுக்குக் கோட்டின் சாய்வு ஏறத்தாழ 3. செறிவு வீச்சு இரட்டித்தால் வேகம் எட்டு மடங்காகும் என்பதே இதன் பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகன்ற உருக்குத் தகட்டின் நடுவே ஊடுருவிய விரிசல். சுமை வீச்சு 50 மெகாபாஸ்கல். மாறிலிகள், பாடநூல்களில் பெரிதும் பயன்படும் பெரைற்று-பேர்லைற்று என்ற சாதாரண உருக்கு வகைக்கானவை. விரிசலின் அரை நீளம் 10 மி.மீ. ஆக இருக்கும்போது அது ஒரு சுற்றுக்கு 5 நனோமீற்றர் அளவில் வளரும். 40 மி.மீ. ஆனதும் 38 நனோமீற்றர்.

இதே தகட்டில் அரை நீளம் 1 மி.மீ. இலிருந்து 40 மி.மீ. வரை வளர ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் சுற்றுகள் தேவை. அதில் 1 மி.மீ. 2 மி.மீ. ஆவதற்கு மட்டும் 39 இலட்சம் சுற்றுகள், அதாவது மொத்த ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கழிந்துவிடும். பரிசோதிப்பவர் கருவியால் 1 மி.மீ. விரிசலைப் பிடிக்க முடியாமல் 2 மி.மீ. விரிசலைத்தான் பிடிக்க முடியும் என்றால் அந்த 39 இலட்சத்தையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. பெரிய விரிசல்தான் ஆபத்து என்று வெளியில் இருந்து நினைக்கிறோம். கணக்கின் பெரும் பகுதி முடிவாவது சிறிய விரிசலில்.

மாதிரித் துண்டு

அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் ஈ647, சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 12108 இரண்டும் சொல்வது பெரும்பாலும் ஒன்றே. அதிகம் பயன்படும் வடிவம் ஒரு சதுரத்தை ஒத்த தட்டைத் துண்டு. மேலும் கீழும் ஊசி செருகும் துளைகள், ஒரு பக்கத்தில் இருந்து உள்ளே போகும் வெட்டு. துளைகளின் மையத்திலிருந்து பின்விளிம்பு வரை 50 மி.மீ., தடிப்பு 12.5 மி.மீ. என்பது பல இடங்களில் வழமை.

வெட்டை, மெல்லிய கம்பியின் மின்பொறியால் அறுக்கும் வயர் கட் இயந்திரத்தில் மெல்லிதாகப் போடுவார்கள். ஆனால் வெட்டு வேறு, விரிசல் வேறு. எவ்வளவு மெல்லிய வெட்டின் நுனியும் உண்மையான விரிசலோடு ஒப்பிட்டால் மொட்டைதான். ஆகவே முதலில் சிறு சுமையில் ஓட்டி, வெட்டின் நுனியில் இருந்து குறைந்தது 1 மி.மீ. இயற்கையான விரிசலை வளர்க்க வேண்டும். தடிப்பின் பத்தில் ஒரு பங்கு அதைவிடக் கூட என்றால் அந்த அளவுக்கு. இந்த முன்விரிசலை முடிக்கும்போது இருக்கும் உச்சத் தகைப்புச் செறிவு, பரிசோதனை தொடங்கும்போது இருக்கும் உச்சச் செறிவைத் தாண்டக்கூடாது. அவசரப்பட்டுக் கூடிய சுமையில் முன்விரிசல் போட்டால் நுனியைச் சுற்றிப் பெரிய நிரந்தர உருக்குலைவு வலயம் உண்டாகும். பிறகு விரிசல் அதற்குள்ளால் ஊர்ந்து வரும்வரை வேகம் குறைவாகவே பதிவாகும். வரைபின் முதல் சில புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தொங்கினால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கண்ணால் பார்ப்பது

பழைய முறை, இன்றும் மற்றவற்றுக்குச் சாட்சி இதுதான். துண்டின் இரு பக்கத்தையும் கண்ணாடிபோல் மினுக்கி, கோடுகள் கீறி, நகரும் நுணுக்குக்காட்டியால் 20 முதல் 50 மடங்கு உருப்பெருக்கத்தில் விரிசல் நுனியைப் படிக்க வேண்டும். 50 மி.மீ. துண்டுக்கு எதிர்பார்க்கப்படும் துல்லியம் 0.1 மி.மீ. முன்பக்கமும் பின்பக்கமும் தடிப்பின் காற்பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் அந்தத் தரவு செல்லாது. இயந்திரத்தின் நேர்வரிசை சரியில்லை, அல்லது துண்டுக்குள் எச்சத் தகைப்பு (சுமை இல்லாதபோதும் உள்ளே தங்கியிருக்கும் இழுவிசை, அழுத்தம்) இருக்கிறது என்று பொருள். ஒட்டு வேலை செய்த தகட்டில் இருந்து வெட்டிய துண்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

இந்த முறைக்கு இரண்டு குறைகள். இரவு இரண்டு மணிக்கும் ஆள் நிற்க வேண்டும் என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே என்பது மற்றது. தடித்த துண்டில் நடுப்பகுதி முந்தி ஓடும், ஓரங்கள் பின்தங்கும். வெளியே தெரியும் நீளம் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நெகிழ்வை அளப்பது

பாதி அறுத்த பலகை முழுப் பலகையைவிட இலகுவாக வளையும். விரிசல் நீள நீள உலோகத் துண்டும் அப்படியே. அதே சுமைக்கு வாய் கூட விரியும். துண்டின் வாயில் இரண்டு கத்தி விளிம்புகளுக்கு இடையே வாய் விரிவதை அளக்கும் கிளிப் கேஜ் என்ற சிறு கருவியைப் பொருத்தி, சுமைக்கு எதிரே வாயின் விரிவைக் கணினி வரையும். அந்தக் கோட்டின் சாய்வில் இருந்து, தரநிலையில் கொடுக்கப்பட்ட சமன்பாட்டின் வழியே, விரிசலின் நீளம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஆள் இல்லாமலே நடக்கும் என்பதால் பல ஆய்வுகூடங்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

கவனிக்க வேண்டியவை:

1. முழுக் கோட்டையும் எடுக்கக்கூடாது. சுமை குறையும்போது, பூச்சியத்தைத் தொடுமுன்னரே விரிசலின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும். இதை 1970இல் வூல்ஃப் எல்பர் காட்டினார். தொட்ட பிறகு துண்டு விறைப்பாகி, விரிசல் குட்டையானதுபோல் காட்டும். எனவே சாய்வைச் சுமை இறங்கும் கோட்டின் மேற்பகுதியில் எடுப்பதே வழக்கம்.

2. சமன்பாட்டுக்கு உலோகத்தின் யங்கின் மட்டு, அதாவது அதன் விறைப்பின் அளவு, வேண்டும். கண்ணால் படித்த தொடக்க நீளத்தோடு கணக்கிட்ட நீளம் பொருந்தும்வரை மட்டின் பெறுமானத்தைச் சற்று ஏற்றி இறக்குவது அனுமதிக்கப்பட்டது. ஆனால் இந்தத் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால் பிழை உலோகத்தில் இல்லை, ஏற்பாட்டில். கேஜின் அளவுத்திருத்தம், தடிப்பின் அளவு, ஊசிகளின் உராய்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

3. நீளம் திடீரென ஒரு படி ஏறினால் விரிசல் பாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கத்தி விளிம்பில் கேஜ் வழுக்கியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மின்னழுத்த வீழ்ச்சி முறை

நெகிழ்வு முறையைவிடக் கூர்மையானது, தொந்தரவும் அதைவிடக் கூட. துண்டுக்குள் மாறாத நேர் மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி, வெட்டின் இரு கரைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம். விரிசல் நீண்டால் மின்னோட்டம் போக மிஞ்சும் பாதை ஒடுங்கும், மின்னழுத்தம் ஏறும். வழமையாக 5 முதல் 50 அம்பியர் வரை செலுத்துவார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் உலோகத்தின் தடை அவ்வளவு சிறிது. மேலே சொன்ன 50 மி.மீ. உருக்குத் துண்டில் 10 அம்பியர் போனால் கிடைப்பது சில நூறு மைக்ரோவோல்ற்று. விரிசல் 0.1 மி.மீ. வளர்ந்தால் மாறுவது ஓரிரு மைக்ரோவோல்ற்று மட்டும்.

அந்த ஓரிரு மைக்ரோவோல்ற்றை விழுங்கக்கூடியவை பல.

வெப்பமின் அழுத்தம் முதலாவது. செப்புக் கம்பியும் இரும்பும் சந்திக்கும் இரு இடங்களுக்கு இடையே ஒரு பாகை வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் பத்து மைக்ரோவோல்ற்று அளவில் பொய்யான மின்னழுத்தம் பிறக்கும். பத்தில் ஒரு பாகையே 0.1 மி.மீ. விரிசலுக்குச் சமம். இதற்கு மருந்து மின்னோட்டத்தின் திசையை மாற்றுவது. ஒரு திசையில் ஒரு வாசிப்பு, எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் பொய் கழிந்துவிடும். கம்பிகளை முறுக்கி ஒன்றாகவே கொண்டுபோவதும் உதவும்.

இரண்டாவது உலோகத்தின் தடையே வெப்பநிலையோடு மாறுவது. துண்டு ஒரு பாகை சூடேறினால் மின்னழுத்தம் ஒரு மைக்ரோவோல்ற்று அளவில் கூடும். கொழும்பில் மாலை அலுவலகம் முடிந்து குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போனால் அறையின் வெப்பநிலை சில பாகை ஏறும். இரவெல்லாம் ஓடிய பரிசோதனையில் விரிசல் மாலையில் வேகமாகவும் காலையில் பின்னோக்கியும் வளர்ந்ததாகப் பதிவு கிடைக்கும். விரிசல் எட்டாத ஓர் இடத்தில், அதே துண்டிலோ அருகே வைத்த அதே உலோகத்திலோ, இரண்டாவது சோடிக் கம்பியை ஸ்பொட் வெல்ட் செய்து, முதல் மின்னழுத்தத்தை அதனால் வகுத்தால் இந்த ஏற்ற இறக்கம் விலகும். இந்த இரண்டாவது சோடி இல்லாமல் வரும் அறிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

மூன்றாவது மின் கசிவு. துண்டைப் பிடிக்கும் பிடிகள் இயந்திரச் சட்டத்தின் வழியே மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை கொடுக்கும். பிடிகளில் ஒன்றையாவது மின்காப்பு செய்தே ஆக வேண்டும். பீங்கான் பூச்சு, கண்ணாடி இழைத் தகடு எதுவானாலும் சரி, தொடங்குமுன் தடைமானியால் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கடைசியாக, விரிசலின் முகங்கள் ஒன்றையொன்று தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்துவிடும். மின்னழுத்தம் விழும், விரிசல் சுருங்கியதாகத் தெரியும். உலோக விரிசல் சுருங்காது. எனவே சுமை உச்சத்தில் இருக்கும்போது, வாய் திறந்திருக்கையில், வாசிப்பை எடுக்க வேண்டும்.

ஆடலோட்டத்தைச் செலுத்தும் முறையும் உண்டு. அது உலோகத்தின் தோலில் மட்டும் ஓடுவதால் சிறிய விரிசலுக்குக் கூர்மை கூடும். ஆனால் கம்பி சற்று அசைந்தாலே வாசிப்பு மாறும். பிளாஸ்டிக், கண்ணாடி இழைக் கலவை போன்ற மின்கடத்தாப் பொருள்களில் இந்த மின் முறைகள் உதவா.

மற்றவை, சுருக்கமாக

எண்ணிம உருவ ஒப்பீட்டில் மேற்பரப்பில் கருப்பு வெள்ளைப் புள்ளிகளைத் தெளித்து, கமரா எடுத்த படங்களில் புள்ளிகள் நகர்ந்த விதத்தில் இருந்து நுனியைக் கண்டுபிடிப்பார்கள். அழகான முறை, ஆனால் கண்ணைப் போலவே மேற்பரப்பு மட்டும். ஒலி உமிழ்வு விரிசல் வளரும் நேரத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. கழியொலி (காதுக்குக் கேட்காத உயர் மீடிறன் ஒலி) உண்மையான பாலத்திலும் தண்டவாளத்திலும் பயன்படுவது. சிறிய மாதிரித் துண்டில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. உடைந்த பாகம் கையில் இருந்தால் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முகத்தைப் பார்க்கலாம். பாரிஸ் கோட்டின் நடுப்பகுதி வேகங்களில் பல உலோகங்களில் ஒரு சுற்றுக்கு ஒரு வரி விழுந்திருக்கும்; வரிகளின் இடைவெளியே வேகம். விபத்து விசாரணைகளில் இது மிகப் பயன்படும்.

கடைசியில் உடைத்துப் பார்க்க வேண்டும்

எந்த முறையில் அளந்தாலும் பரிசோதனை முடிந்ததும் துண்டை இரண்டாகப் பிளந்து, விரிசலின் முன்விளிம்பை நேரில் அளப்பது ஒழுங்கான ஆய்வுகூடத்தின் அடையாளம். உருக்கு என்றால் துண்டைச் சூளையில் 300 பாகை செல்சியஸ் அளவில் வைத்து எடுப்பார்கள். விரிசல் போன முகம் காற்றுப் பட்டு நீலமாகவோ மண்ணிறமாகவோ மாறும். பிறகு திரவ நைதரசனில் குளிர்வித்து உடைத்தால் புதிதாக முறிந்த பகுதி வெள்ளியாக மின்னும். இரண்டுக்கும் இடையே உள்ள எல்லைதான் விரிசல் நின்ற இடம்.

உலோகம் முறிவை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் முறிவுத் திண்மைப் பரிசோதனைகளில் இந்த எல்லையை ஒன்பது இடங்களில் அளப்பார்கள். இரு ஓர அளவுகளின் சராசரியை மற்ற ஏழோடு கூட்டி எட்டால் வகுப்பது முறை. ஓரத்தின் பின்தங்கல் முடிவை இழுத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. களைப்புப் பரிசோதனையில் இவ்வளவு புள்ளிகள் தேவையில்லை. ஆனால் வளைவைக் கணக்கில் எடுத்தால் செறிவு 5 சதவீதத்துக்கு மேல் மாறுகிறது என்றால் முழுத் தரவையும் திருத்த வேண்டும். நெகிழ்வும் மின்னழுத்தமும் கொடுத்த நீளங்களுக்கு, துண்டின் உள்ளே, இது ஒன்றே நேரடிச் சாட்சி; இந்தப் பகுதி இல்லாத அறிக்கையில் உள்ளே ஓடிய விரிசலின் நீளம் ஊகம்தான்.

நீளத்தில் இருந்து வேகத்துக்கு

வேகம் என்பது இரண்டு நீளங்களின் வித்தியாசத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. பிழை இங்கேதான் பெருகும். ஒவ்வொரு வாசிப்பிலும் 0.05 மி.மீ. பிழை என்று வையுங்கள். 0.1 மி.மீ. வளர்ச்சிக்கு ஒரு தடவை கணக்கிட்டால் பிழை 100 சதவீதம் வரை போகலாம். 0.5 மி.மீ. இடைவெளியில் கணக்கிட்டால் 20 சதவீதம். கணினி நிமிடத்துக்கு ஆயிரம் வாசிப்புத் தருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்தினால் வரைபு தூவிய மணல் போலாகும். இடைவெளி குறைந்தது 0.25 மி.மீ., அல்லது அளவீட்டுத் துல்லியத்தின் பத்து மடங்கு என்பதே வழிகாட்டல்.

மெதுவான முனையில் பொறுமைதான் விலை. விரிசல் வளராது என்று கொள்ளும் எல்லை சுற்றுக்கு 0.1 நனோமீற்றர். இரும்பில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரமே 0.25 நனோமீற்றர் அளவு. ஆகவே இது விரிசல் முன்விளிம்பு முழுவதற்குமான சராசரி. இந்த வேகத்தில் 0.1 மி.மீ. வளர 10 இலட்சம் சுற்றுகள் வேண்டும். செக்கனுக்கு 20 சுற்று என்றாலும் ஒரு புள்ளிக்கு 14 மணித்தியாலம்.

இடையில் மின்சாரம் போனால்? 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஐதரோலிக் இயந்திரம் நிற்கும்போது உந்துதண்டு ஒரு முறை துண்டை இழுத்துவிடலாம். ஒரே ஒரு கூடுதல் சுமை விரிசலைப் பல ஆயிரம் சுற்றுகளுக்கு மந்தமாக்கப் போதும். கட்டுப்பாட்டுக் கணினியை மட்டும் யூபிஎஸ்ஸில் வைத்துப் பயனில்லை. மின் போனதும் சுமையை மெதுவாக விடுவிக்கும் வால்வும் வேண்டும். மீண்டும் தொடங்கியபின் வரும் முதல் புள்ளிகளைத் தனியே குறித்து, கோட்டோடு பொருந்தினால் மட்டும் சேர்க்க வேண்டும்.

கடலோரத்துக்கு வரும்போது

மேலே சொன்ன எண்கள் எல்லாம் காய்ந்த காற்றுக்கானவை. கோட்டையிலிருந்து காலிக்குப் போகும் பாதை பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை நெடுகிலும் கடலை ஒட்டி ஓடுகிறது. கச்சான் காலத்தில் அலைத் துளிகள் தண்டவாளத்தில் தெறிக்கும். உப்பு நீர் விரிசல் நுனியில் இரண்டு வேலை செய்கிறது: புதிதாகத் திறந்த உலோகத்தைக் கரைக்கும், அரிப்பில் பிறக்கும் ஐதரசன் உலோகத்துக்குள் நுழைந்து அதை நொய்யதாக்கும். குறைபாடுகளை மதிப்பிடும் பிரித்தானியத் தரநிலை பிஎஸ் 7910 இன் எளிய சூத்திரத்தில், பாதுகாப்பின்றிக் கடல்நீரில் இருக்கும் உருக்குக்கான மாறிலி காற்றுக்கானதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆயுள் அதே அளவு சுருங்கும்.

அந்த எண்ணையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது 20 பாகை வரையான கடல்நீருக்குச் சொல்லப்பட்டது. கொழும்புக் கடல் ஆண்டு முழுவதும் 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தண்டவாளம் நீரில் மூழ்கியும் இல்லை. நனைந்து காய்ந்து மறுபடி நனைகிறது. தண்டவாள உருக்கும் கட்டுமான உருக்கைவிட வலிமை கூடியது.

இங்கே அளவீட்டு முறையும் மாறும். உப்பு நீர்த் தொட்டிக்குள் நுணுக்குக்காட்டிக்கு இடமில்லை, கிளிப் கேஜ் துருப்பிடிக்கும். மின்னழுத்த முறையில் செலுத்தும் மின்னோட்டம் அரிப்பையே மாற்றிவிடக்கூடும் என்ற ஐயமும் உண்டு. துண்டின் பின்விளிம்பில், நீருக்கு வெளியே, உலோகம் நீள்வதை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒன்றை ஒட்டி நெகிழ்வை அளப்பதே கைக்கு வரும் வழி. சுமையின் மீடிறனும் இங்கே முக்கியம். காற்றில் செக்கனுக்கு 20 சுற்றும் 1 சுற்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தையே தரும். உப்பு நீரில் அப்படியில்லை; மெதுவாக ஓட்டினால் அரிப்புக்கு நேரம் கிடைத்து ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சி கூடும். அலை மோதும் இறங்குதுறைத் தூண்களுக்கு ஏற்ப 10 செக்கனுக்கு ஒரு சுற்று என்று ஓட்டினால் 10 இலட்சம் சுற்றுகளுக்கு 116 நாட்கள். அதனால் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் கூடிய செறிவு வீச்சில் சில புள்ளிகளை மட்டும் மெதுவாக எடுத்து, கீழ்ப்பகுதிக்குக் கோட்டை நீட்டிவிடுகின்றன. கடலோர வேலைக்கான அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது எந்த மீடிறனில் ஓட்டினார்கள், நீரின் வெப்பநிலை என்ன, நீட்டிய கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்ற மூன்று தகவல்களை.